குகைக்குப் போகும் நாளில் கடை எதற்கு? பயண நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். கடந்த மே மாதம் கோலாலம்பூரிலிருந்து உங்களோடு சீனப் பட்டுப்பாதைச் சுற்றுலா போய்வந்த 26 பேரில் நானும் ஒருத்தி. ஐந்தாம் நாள் துன்ஹுவாங்கில் நடந்தது உங்களுக்குத் தெரியும். புலனக் குழுவில் நாங்கள் எழுதியதையெல்லாம் நீங்கள் படித்துவிட்டதற்கு நீல டிக் சாட்சி. பதிலுக்கு வந்தவை ஒரு கைகூப்பும் படமும், அடுத்த பயணத்துக்கான 100 ரிங்கிட் கழிவுச் சீட்டும். அதனால்தான் இந்தத் திறந்த மடல். நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான்: துன்ஹுவாங்கின் பழைய புத்த ஓவியக் குகைகளான மொகாவ் குகைகளுக்குப் போகும் நாளில் யாரையும் கடைக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

மொகாவ் நம் பத்துமலை மாதிரி இல்லை. பத்துமலையில் நினைத்த நேரத்துக்குப் போய் 272 படியும் ஏறிவிடலாம். குரங்குக்கு வாழைப்பழம் பறிகொடுத்துவிட்டு இறங்கலாம். மொகாவிலோ ஓவியங்கள் மண் பூச்சின் மேல் தீட்டியவை. கோபிப் பாலையின் வறண்ட காற்றுதான் அவற்றை இத்தனை நூற்றாண்டு காப்பாற்றியது. மனிதர்கள் கூட்டமாய் உள்ளே போனால் மூச்சின் ஈரத்தில் சுவரின் உப்பு கிளம்பி, வண்ணம் பொருக்குப் பொருக்காய் உதிர்கிறது. அதனால் வழக்கமான சீட்டு ஒரு நாளைக்கு 6,000 பேருக்குத்தான். சீட்டிலேயே நேரம் போட்டிருக்கும். முதலில் பார்வையாளர் மையத்தில் இரண்டு படம் காட்டுவார்கள், பிறகு பேருந்தில் குகைகளுக்கு. 492 ஓவியக் குகைகளில் எட்டைத்தான் பூட்டைத் திறந்து, டார்ச் அடித்துக் காட்டிவிட்டு மறுபடி பூட்டுவார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? உங்கள் விளம்பரத் தாளில்தான் படித்தேன்.

எங்கள் சீட்டில் இருந்த நேரம் காலை 9.30, ஆங்கில விளக்கத்தோடு. எட்டு மணிக்கே பசியாறிவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டோம். "வழியில் இருபதே நிமிஷம்" என்று இறக்கிவிட்டது ஒரு கல் கிண்ணக் கடையில். சிலியன் மலைக் கல்லாம், நிலா வெளிச்சத்தில் மது ஊற்றினால் ஒளிருமாம். ஒரு அறையில் எங்களை உட்காரவைத்து விளக்கை அணைத்துக் காட்டினார்கள். பிறகு இன்னொரு அறை. பிறகு மாடி. வெளியே வந்தால் பேருந்துக் கதவு பூட்டியிருந்தது, ஓட்டுநரைக் காணோம். 71 வயது அம்மா முழங்கால் வலியோடு பேருந்தின் நிழலில் என் கைப்பையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். கிளம்பும்போது மணி 10.20.

மையத்தில் படங்களும் போயின, ஆங்கிலக் குழுவும் போயிருந்தது. உங்கள் வழிகாட்டிப் பையன் கெஞ்சிக் கூத்தாடி எங்களை ஒரு மாண்டரின் குழுவின் வாலில் சேர்த்துவிட்டான். அவனைக் குறை சொல்லவில்லை, பாவம். கடைக்குக் கூட்டிப் போகச் சொன்னது அவன் இல்லையே.

அம்மா எதற்காக வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் 30 ஆண்டு ஆசிரியை. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் வைத்த சிபிச் சக்கரவர்த்தி கதையை எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பாரோ! சோழர்களின் முன்னோன் என்று நாம் கொண்டாடும் அதே சிபி, புத்தரின் முற்பிறவி சொல்லும் ஜாதகக் கதையாய்ப் பாலைவனம் கடந்து போய், மொகாவின் 254ஆம் குகைச் சுவரில் சுமார் 1,500 ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறான். படத்தைக் கைப்பேசியில் பார்த்த நாளிலிருந்து அம்மாவுக்கு அதே பேச்சு.

அந்தக் குகை அன்று திறந்திருக்க வேண்டும் என்று நான் சண்டைக்கு வரவில்லை. எதைத் திறப்பது என்பது அங்குள்ளவர்கள் முடிவு. ஆனால் கேட்பதற்காவது ஒரு மொழி வேண்டாமா? காதுக் கருவியில் மாண்டரின் ஓட, இங்கே சீனப்பள்ளியில் ஆறாண்டு படித்த என் தங்கை மகள்தான் 26 பேருக்கும் மெல்லிய குரலில் மொழிபெயர்த்தாள். கடைசிக் குகையில் பாட்டிக்காகக் கேட்டாள். விளக்கம் சொன்ன பெண் தலையை ஆட்டி, இன்று 254 இல்லை என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அந்த அரையிருட்டில் இரண்டு கையாலும் சிறகடித்துக் காட்டி, "ஷீபி வாங்" என்றார். "பாட்டி, சிபி ராஜாவாம்!" அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் பேச ஆசைதான். அதற்குள் அடுத்த குழு வாசலில் நின்றது. கிண்ணக் கடையில் மட்டும் எங்களுக்குப் பின்னால் எந்தக் குழுவும் காத்திருக்கவில்லை.

நீங்கள் மட்டுமா என்றால், இல்லைதான். கேமரன் மலைக்குப் போனால் தேன் கடை, ஈப்போவுக்குப் போனால் பிஸ்கட் கடை. பத்துமலைக்கு வரும் சீனப் பயணிகளையும் நாம் சாக்லெட் கடையில் நிறுத்திவிட்டு, முருகனைப் பார்க்க முக்கால் மணி நேரம் கொடுக்கிறோம். அதற்குத்தான் துன்ஹுவாங்கில் பழி வாங்கினார்களோ என்னவோ! சீனாவுக்கு விசா வேண்டாம் என்று 2023 டிசம்பரில் ஆனதிலிருந்து விளம்பரங்களுக்குக் குறைவில்லை. பேசாமல் "பட்டுப்பாதைக் கடைச் சுற்றுலா, குகை இலவசம்" என்றே போட்டுவிடுங்கள், யாரும் ஏமாற மாட்டோம்.

மன்னிக்கவும். கோபம் எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது. கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

உங்கள் அடுத்த குழு செப்டம்பரில் புறப்படுவதாகப் பார்த்தேன். திட்டத் தாளில் ஐந்தாம் நாளுக்கு இன்னமும் "உள்ளூர்க் கைவினை அறிமுகம்" என்று ஒரு வரி இருக்கிறது. தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். கடை வேண்டுமென்றால் குகை பார்த்துத் திரும்பிய பிறகு வையுங்கள், விருப்பமுள்ளவர்கள் இறங்கட்டும். எங்கள் 26 பேருக்கும் கிடைக்காத ஆங்கில விளக்கத்தின் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். 100 ரிங்கிட் கழிவுச் சீட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மே மாதக் குழுவில் ஒருத்தி,
கோலாலம்பூர்

பி.கு.: யாராவது ஒருவர் வாங்கினால்தான் பேருந்து நகரும் போலிருக்கிறது என்று அம்மாவே ஒரு கிண்ணம் வாங்கினார். இப்போது சாமி அறையில் அதில் விபூதி இருக்கிறது. விளக்கை அணைத்தும் பார்த்தோம். ஒளிரவில்லை.