மில்லு மேனேஜருக்கும் சேஃப்டி கமிட்டிக்கும்: டிடெக்டர் வாங்கிட்டீங்க, டெஸ்ட் கேஸ் எங்க?

மேனேஜர் சார் வணக்கம், கமிட்டியில இருக்குற அண்ணன்மாருங்களுக்கும் வணக்கம்.

டேங்குக்குள்ள எறங்குறதுக்கு முன்னாடி காத்துல நாலு கேஸை அளந்து பாக்குற புது நாலு-கேஸ் டிடெக்டர் வந்தப்போ ஆபீஸ் முன்னால வச்சு போட்டோ எல்லாம் எடுத்தீங்க, நல்ல விஷயம்தான். ஆனா அதை டெஸ்ட் பண்ற கேஸ் சிலிண்டர் எக்ஸ்பயரி முடிஞ்சு ஸ்டோர்ல தூசி புடிச்சு கெடக்குது, புதுசு கேட்டா மெஷின் ஆன் ஆகுதுல்ல பீப் அடிக்குதுல்ல அது போதும்னு பதில் வருது. பேட்டரி நல்லாருந்தா பீப் அடிக்கத்தான் செய்யும் சார்.

எச்டூஎஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கற வெஷ கேஸ்) சென்சார் செத்துப் போச்சுன்னா பெரும்பாலும் ஸ்கிரீன்ல 0 தான் நிக்கும், நல்ல காத்துலயும் அதே 0 தான். ஆக்சிஜன் சென்சாராவது வீக்கானா நல்ல காத்துல காட்டுற 20.9 சதவீதத்துல இருந்து எறங்கி அலாரம் போட்டு ஊரக் கூட்டும், இது கம்முனு இருந்துரும். நம்ம கழிவுக் குளத்துலயும் ஸ்லஜ் (கழிவுச் சேறு) டேங்குலயும் வர்றது இதே எச்டூஎஸ்தான், அழுகுன முட்டை நாத்தம் வருமே அதான். 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) பக்கம் போனா மூக்கே மரத்துப் போயிரும், நாத்தம் போயிருச்சி எறங்கலாம்னு சொல்ற ஆளு நம்ம மில்லுலயே இருக்காங்க.

பம்ப் டெஸ்ட் (bump test, தெரிஞ்ச அளவு கேஸைக் காட்டி மீட்டர் சரியா காட்டுதா, அலாரம் அடிக்குதான்னு பாக்குறது) ஒண்ணும் பெரிய வேலை இல்ல. ரெகுலேட்டர மாட்டி, டியூப சொருகி, டெஸ்ட் கேப்பை டிடெக்டர் மேல வச்சு சிலிண்டரைத் தொறந்தா நிமிஷத்துக்கு அரை லிட்டர் போகும், எச்டூஎஸ் 0ல இருந்து 25 பிபிஎம் கிட்ட ஏறணும், சிஓ (கார்பன் மோனாக்சைடு) 100 பிபிஎம், மீத்தேன் எல்இஎல் (தீப்பிடிக்கிற குறைஞ்ச அளவு) கணக்குல 50 சதவீதம், ஆக்சிஜன் 18 சதவீதத்துக்கு எறங்கணும், நாலு அலாரமும் அடிக்கணும். (நாம பொதுவா வாங்குற மிக்ஸ் அதான், வேற வாங்குனா லேபிளப் பாத்துக்குங்க.) ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும், 58 லிட்டர் சிலிண்டர் ஒண்ணு இருந்தா நூறு தடவைக்கு மேல பண்ணலாம், இதுக்கா பட்ஜெட் இல்ல?

பழைய சிலிண்டரையே ஓட்டலாம்னு நெனைக்காதீங்க. எச்டூஎஸ் உள்ளுக்குள்ளயே கொறஞ்சிரும், லேபிள்ல 25ன்னு இருந்தாலும் உள்ள எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும், அதை வச்சு கலிபிரேஷன் (மீட்டரோட அளவை சரிப்படுத்துறது) பண்ணா மீட்டர் கணக்கே கோணலாயிரும். வெல்டிங் செட்டு ரெகுலேட்டரும் கைக்குக் கெடச்ச ரப்பர் டியூபும் வேணாம், எச்டூஎஸ அது உறிஞ்சிக்கும்.

வெண்டர் ஒட்டிட்டுப் போன கலிபிரேஷன் ஸ்டிக்கர் இருக்கேன்னு சொல்வீங்க. அது அன்னிக்கி இருந்த நெலம சார். மறுநாளே கீழ விழுந்திருக்கலாம், தண்ணி பூந்திருக்கலாம். வொர்க்‌ஷாப்ல செயினுக்கு சிலிகான் ஸ்பிரே அடிக்கிற எடத்துலயே டிடெக்டரை தொங்க விடுறாங்க, எரியுற கேஸ் சென்சாருக்கு அதான் வெஷம், அதை மட்டுமாவது நாளைக்கே நிறுத்தச் சொல்லுங்க.

கன்ஃபைண்ட் ஸ்பேஸுக்கு (டேங்க் மாதிரி அடைஞ்ச எடத்துக்கு) 2010லயே ஜேகேகேபி (மலேசியா வேலையிடப் பாதுகாப்புத் துறை) நடைமுறைக் கோட் போட்டுட்டாங்க, ஏஜிடி (காத்த டெஸ்ட் பண்ண அனுமதி வாங்குன ஆளு) கார்டு வச்ச ஆளு காத்த டெஸ்ட் பண்ணித்தான் பெர்மிட் போகணும். நம்ம ஏஜிடி தம்பிக்கு கார்டு இருக்கு, மீட்டர் இருக்கு, மீட்டர் சரியான்னு பாக்க கேஸ் இல்ல, அவன் எதை நம்பி கையெழுத்து போடுவான்? எறங்குறது முக்கால்வாசி கான்ட்ராக்ட்டு ஆளுங்க, பங்களாதேஷ்காரங்க, அவங்க எதுத்து கேள்வி கேக்க மாட்டாங்க, அதான் நான் கேக்குறேன்.

அடுத்த ஸ்லஜ் டேங்க் கிளீனிங்க்கு முன்னாடி புது சிலிண்டரும் அதுக்குண்டான ரெகுலேட்டரும் வரணும். டேங்க் வாயில வச்சு எல்லாரும் பாக்க பம்ப் டெஸ்ட் பண்ணி, நம்பரை பெர்மிட்லயே எழுதுங்க. கேஸ் வரலன்னா வேலைய தள்ளிப் போடுங்க, எங்க ஷிஃப்ட்டுல யாரும் எறங்க மாட்டோம்.

இப்படிக்கு,
மில்லு ஷிஃப்ட்டு ஆளு ஒருத்தன், பேராக், மலேசியா