சுகர் இல்லை, தொப்பை மட்டும்தான்: வாலாஜா மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

"சுகர் இல்லை, பிரஷர் இல்லை, உடம்புதான் கொஞ்சம் பூசினாப்போல. கொரோனா என்னை என்ன செய்யும்?" என்று கேட்டிருந்தீர்கள். சுகர் இல்லாவிட்டாலும் எடைக்கென்று ஒரு தனிக்கணக்கு உண்டு, மாமா.

5 அடி 5 அங்குல உயரத்துக்கு 88 கிலோ என்றால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 32. நம்மவர்களுக்கு 25-ஐத் தொட்டாலே பருமன்தான். 30 என்பது வெள்ளைக்காரர்களுக்குப் போட்ட கோடு. பேன்ட் சைஸை நம்பாதீர்கள், அதைத் தொப்பைக்குக் கீழேதானே கட்டுகிறீர்கள்! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக விட்டபின் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வரைதான் சரி. அத்தையையும் அளக்கச் சொல்லுங்கள்.

2020-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொற்று வந்த பருமனானவர்கள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிவரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் இருந்தது. ஐசியுவுக்குப் போகும் வாய்ப்பு 74 சதவீதம், இறக்கும் வாய்ப்பு 48 சதவீதம் கூடுதல். இது தடுப்பூசிக்கு முந்தைய கணக்கு. தடுப்பூசி வந்தபின் எல்லோருக்குமே ஆபத்து குறைந்துவிட்டது. அதனால் விட்டுப்போன ஊசி இருந்தால் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆம்பூர் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு மல்லாந்தால் மூச்சு முட்டுமே, ஏன்? நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சுக்கு உதவும் தசைத்திரையை (உதரவிதானம்) வயிறு மேலே தள்ளுகிறது; நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரிவதில்லை. தொப்பை இருந்தால் படுக்கும்போதெல்லாம் இதே கதைதான். கொரோனா நிமோனியாவும் அந்த அடிப்பகுதியைத்தான் அதிகம் பிடிக்கிறது. இது போதாதென்று, வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு அழற்சியை (உடம்புக்குள் வரும் வீக்கத்தை) தூண்டும் பொருள்களை எந்நேரமும் சுரக்கிறது. ரத்தம் உறையும் தன்மையையும் கூட்டுகிறது. கிருமி வருமுன்பே உடம்பு பாதி சூடேறித்தான் இருக்கிறது.

காய்ச்சல் வந்து டெஸ்டில் பாசிட்டிவ் என்றால் முதல் நாளே டாக்டரிடம் எடையைச் சொல்லுங்கள். வைரஸை அடக்கும் மாத்திரை தேவைப்பட்டால் முதல் 5 நாளுக்குள் தொடங்கினால்தான் பலன். வீட்டில் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் கருவி) இருக்கட்டும். மருதாணி, நெயில் பாலிஷ் இல்லாத விரலில், கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் வையுங்கள். 94-க்குக் கீழே போனால் அன்றே ஆஸ்பத்திரி. 90-க்குக் கீழே என்றால் உடனே 108. உட்கார்ந்திருக்கையில் 96 காட்டுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குள்ளேயே 6 நிமிடம் நடந்து பாருங்கள். 3 புள்ளிக்கு மேல் இறங்கினாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மல்லாந்து மட்டும் படுக்காதீர்கள். குப்புறப் படுப்பது நல்லது, ஆனால் தொப்பை அழுந்தினால் பயனில்லை. மார்புக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்குக் கீழே இரண்டு. நடுவில் வயிறு தொங்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். முடியவில்லையா, அரை மணிக்கு ஒருமுறை பக்கம் மாறி ஒருக்களித்துப் படுங்கள். இல்லை, சாய்ந்து உட்காருங்கள்.

மெடிக்கலில் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு வாங்காதீர்கள். ஆக்சிஜன் தேவைப்படும் நிலையில் அது உயிர்காக்கும். தேவைப்படாதவருக்குப் பலனில்லை, சுகரைத்தான் ஏற்றிவிடும். 2021-ல் கருப்புப் பூஞ்சை பரவியதில் இதற்கும் பங்குண்டு. 'சுகர் இல்லை' என்கிறீர்களே, மூன்று மாத சுகர் சராசரி காட்டும் எச்பிஏ1சி டெஸ்டைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

காய்ச்சல் நேரத்தில் எடை குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்க வேண்டாம், தசைதான் கரையும். அதெல்லாம் நன்றாக இருக்கும்போது செய்ய வேண்டியது. 4, 5 கிலோ இறங்கினாலே சுகரும் மூச்சும் கொஞ்சம் தேறும். வேலூர் வெயிலில் பகலில் நடக்காதீர்கள், விடிகாலையில் நடங்கள். ஆற்காடு மக்கன் பேடாவை விசேஷத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாலாஜா அரசு ஆஸ்பத்திரியோ சிஎம்சியோ, எங்கே சேர்ந்தாலும் எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியின் அளவை எடை பார்த்தே முடிவு செய்வார்கள். குறட்டை விட்டுத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதையும் சொல்லிவிடுங்கள். நீங்கள் மறைத்தாலும் அத்தை சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்