வாயப்பயம்னு சொல்ற புள்ளைக்கு எதுக்கு ஸ்பீச் தெரபி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் குடும்பப் பக்கத்துல ஒரு அம்மா கேட்ட கேள்வியையும் அதுக்கு வந்த பதிலையும் படிச்சேன். அஞ்சு வயசுப் பையன், பழத்த பயம்னு சொல்றான், மழைய மயன்னு சொல்றான், என்ன பண்றதுன்னு கேட்டிருந்தாங்க, வீடு தண்டையார்பேட்டைன்னும் போட்டிருந்துச்சு. பதில்ல இது உச்சரிப்புக் குறைபாடு, உடனே ஸ்பீச் தெரபிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு ரெண்டே வரியில முடிச்சிட்டீங்க. எனக்கு சிரிப்பும் வந்துச்சு கோவமும் வந்துச்சு, ஏன்னா அந்த ரெண்டு வரிய நம்பி கெளம்பி வர்றவங்க வந்து நிக்கப்போறது எங்க டிபார்ட்மென்ட் வாசல்ல தான்.

நான் புது வண்ணாரப்பேட்டைல பொறந்து வளந்தவ. பிஏஎஸ்எல்பின்னு ஒரு படிப்பு, காது கேக்குறது, பேச்சு ரெண்டையும் பத்தினது, மூணு வருஷம் கிளாஸ் முடிச்சிட்டு இப்ப நாலாவது வருஷம் இன்டர்ன்ஷிப். எங்க தெருவுல யாருக்கும் இது என்ன படிப்புன்னு தெரியாது, எங்க ஆயா கேக்குறவங்க கிட்டயெல்லாம் பேத்தி காது மிஷின் கடையில வேலை கத்துக்குறான்னு சொல்லி வச்சிருக்கு. பரவால்ல, அது ஓரளவுக்கு கிட்ட வந்திருக்கு.

இந்த பயம் விஷயத்துல முதல்ல மாட்டினவளே நான் தான். ரெண்டாவது வருஷம், கிளினிக்ல எனக்குக் கெடச்ச மூணாவது கேஸ், காசிமேட்டுல இருந்து ஒரு பையன். படக் கார்டு ஒவ்வொண்ணா காட்டி இது என்ன இது என்னன்னு கேக்கணும், அவன் சொல்றத அப்படியே எழுதணும், எந்த எழுத்துக்கு பதிலா எந்த எழுத்து வருது, எது வராமயே போகுது, வார்த்தையில முன்னாடியா நடுவுலயா கடைசியிலயான்னு கட்டம் போட்டு நெரப்பணும். வாழைப்பழம் கார்டுக்கு வாயப்பயம்னான், கோழிக்கு கோயின்னான். நான் ரெண்டுக்கும் ழ-வுக்கு பதிலா ய-ன்னு சிவப்புல எழுதி, தெரபி வேணும்னு ரிப்போர்ட்டும் தயார் பண்ணி மேடம் கிட்ட நீட்டினேன். அவங்க படிச்சிட்டு ஒண்ணுமே சொல்லல, வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த அவன் அம்மாவ உள்ள கூப்ட்டு அதே கார்ட காட்டினாங்க. அந்தக்கா மேடத்த ஒரு மாதிரி பாத்துட்டு, "வாயப்பயம்மா, வேற இன்னான்னு சொல்லுவாங்க?"ன்னாங்க.

மேடம் என் பக்கம் திரும்பி, "புள்ள அவன் வீட்டுப் பேச்ச கரெக்டா கத்துருக்கான், நீ எதுக்கு அவனுக்கு சிவப்பு மை போட்ட?"ன்னு கேட்டாங்க. அப்புறம் கொஞ்சம் குரல எறக்கி, "உங்க வீட்ல எப்படிம்மா சொல்வீங்க?"ன்னாங்க. நான் வாயே தெறக்கல. எங்க வீட்டுலயும் வாயப்பயம் தான் சார். காலேஜ் சேந்த மொத வருஷம் ஃபுல்லா கண்ணாடி முன்னாடி நின்னு ழ-வ பழக்கிக்கிட்டது நான், கூட இருந்த கேரளாப் பொண்ணுங்க அத அல்வா சாப்புடுற மாதிரி சொல்லுவாங்க, நான் வாயத் தெறந்தாலே வகுப்புல சிரிப்பாங்க. அந்தப் பயத்துல தான் (இது நெஜ பயம்) அந்தப் பையனுக்கும் சேத்து நான் மார்க் போட்டுட்டேன்னு அப்புறமா தான் புரிஞ்சுது.

விஷயம் ரொம்ப சின்னது. ழ சொல்லும்போது நாக்கு நுனி மடங்கி மேல போகும், ஆனா அண்ணத்துல ஒட்டாது. ய-வுக்கும் நாக்கு எங்கயும் ஒட்டாது, நடு நாக்கு மேல எழும்பும் அவ்ளோ தான். பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. மெட்ராஸ்ல ழ ய-வா போச்சு, மதுரை, திருநெல்வேலிப் பக்கம் அதே ழ ள-வா போச்சு. அங்க ஒரு புள்ள வாளப்பளம்னு சொன்னா அத யாராவது ஸ்பீச் தெரபிக்கு அனுப்புறீங்களா? பட்டிமன்ற மேடையிலயே ள-வ போட்டுப் பேசுறாங்க, கை தட்டுறீங்க. எங்க ஊர் புள்ள வாயப்பயம்னா மட்டும் குறைபாடு. அமெரிக்காவுல எங்க துறைக்காரங்க சங்கம் 1983லயே ஒரு வட்டாரப் பேச்சும் குறைபாடு கெடையாதுன்னு எழுதி வச்சிட்டாங்க, இங்க குடும்பப் பக்கத்துக்கு இன்னும் அது வந்து சேரல.

ஸ்கூல்ல டிக்டேஷன்ல பழத்துக்கு பயம்னு எழுதினா டீச்சர் திருத்தணும், அது சரி, ஆனா அது எழுத்துப் பாடம். நாளைக்கு அவன் டிவில செய்தி வாசிக்கணும்னு ஆசைப்பட்டு வந்தா நாங்களே ழ சொல்லிக் குடுப்போம், அதுவும் வைத்தியம் இல்ல, ட்யூஷன் மாதிரி.

அப்ப எது தான் குறைபாடுன்னு கேப்பீங்க. இப்ப என் கிட்ட வர்ற ஒரு பையனச் சொல்றேன், நாலே முக்கால் வயசு, வியாசர்பாடி. காக்கா படத்த காட்டினா தாத்தான்றான். கட்டில தட்டில்றான். க வரவேண்டிய எடத்துலயெல்லாம் நாக்கு முன்னாடி ஓடி வந்து த போட்டுடுது. அவன் வீட்ல யாரும் அப்படிப் பேசுறதில்ல, தெருவுல யாரும் பேசுறதில்ல, அவன் சொல்றது அவன் கூட வெளயாடுற பசங்களுக்கே புரியல, அதான் வித்தியாசம். ரெண்டு வயசுல இப்படிச் சொன்னா பரவால்ல, தானா மாறிடும், அஞ்ச நெருங்கியும் நிக்குதுன்னா எங்க கிட்ட வரணும். மொத சிட்டிங்ல அவன் ஜன்னல் பக்கம் கை காட்டி தாத்தா தாத்தான்னு கத்தவும், வாசல்ல உக்காந்திருந்த ஒரு பெரியவர் என்னடா கண்ணுன்னு எழுந்து உள்ள வந்துட்டாரு.

இத எதுக்கு இவ்ளோ நீட்டுறேன்னா, எங்க கிட்ட இருக்குற நேரம் கொஞ்சம். மேடம், சாருங்க எல்லாரும் காலைல கிளாஸ் எடுக்கணும், அப்புறம் ஓபி, நடுவுல மாற்றுத்திறனாளி சர்டிஃபிகேட்டுக்கு வர்றவங்களுக்கு டெஸ்ட், பிஜி பசங்களோட தீசிஸ், எங்க லெசன் பிளான்ல சிவப்பு மை. மதியச் சாப்பாட்ட மூணரை மணிக்கு டப்பாவோட நின்னுக்கிட்டே சாப்புடுறத நான் நெறைய நாள் பாத்திருக்கேன். டெஸ்ட் ரூம் கதவு பேங்க் லாக்கர் கதவு மாதிரி இருக்கும், சத்தம் வரும்னு உள்ள ஃபேன் கெடையாது, ஏசி நின்னா மே மாசத்துல ஹெட்ஃபோன் மாட்டின பாட்டிக்கும் வேர்க்கும் எங்களுக்கும் வேர்க்கும்.

பெரா டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, தலையில வயர் ஒட்டி காதுல டிக் டிக்னு சத்தம் குடுத்து மூளைக்குப் போற நரம்பு வேலை செய்யுதான்னு கம்ப்யூட்டர்ல அலையா பாக்குறது. அதுல அஞ்சாவது அலை எந்த சத்தம் வரைக்கும் தெரியுதுன்னு தேடிக்கிட்டே எறங்கணும். அதுக்கு கொழந்தை அசையாம தூங்கணும். அதனால வீட்ல தூங்க விடாம கூட்டிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்புவோம். எண்ணூர்ல இருந்து ஒரு அம்மா, விடியக்காலைல எழுந்து கொழந்தைக்கு வெளயாட்டுக் காட்டி முழிக்க வச்சுக்கிட்டே கெளம்பினாங்க, அது பஸ் ஏறினதும் தோள்ல சாஞ்சு தூங்கி எங்க ஸ்டாப்புல ஃப்ரெஷ்ஷா கண்ணு முழிச்சுது. அப்புறம் நாங்க மூணு பேரு மாத்தி மாத்தி வராண்டாவுல தூக்கிட்டு நடந்தோம், லைட்ட அணைச்சோம், ஒருத்தி தாலாட்டு பாடினா, தூங்கிடுச்சுன்னு மெல்ல நெத்தியில வயர ஒட்டினா பொசுக்குன்னு முழிச்சிட்டு சிரிக்குது. அன்னிக்கு டெஸ்ட் நடக்கல, இன்னொரு நாள் தேதி குடுத்தோம். அந்தம்மா சித்தாள் வேலைக்குப் போறவங்க, அவங்களுக்கு ரெண்டு நாள் கூலி போச்சு.

காது கேக்குதான்னு சந்தேகம் இருக்குற அந்த மாதிரி கொழந்தைங்களுக்கு நேரம் தான் எல்லாமே. பொறந்து ஒரு மாசத்துக்குள்ள காது ஸ்க்ரீனிங், மூணு மாசத்துக்குள்ள என்ன கோளாறுன்னு உறுதி, ஆறு மாசத்துக்குள்ள மிஷினோ பயிற்சியோ ஆரம்பிக்கணும், ஒண்ணு மூணு ஆறுன்னு எங்களுக்கு மொத வருஷத்துலயே மனப்பாடம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கிற கருவி) பண்ணக்கூட ஆறு வயசு தாண்டக்கூடாது. ஆனா எங்க கிட்ட மூணு வயசு நாலு வயசுல தான் கொண்டு வர்றாங்க, கேட்டா அவங்க அப்பாவும் லேட்டா தான் பேசினாரு, அத்த சொன்னாங்க வெய்ட் பண்ணுன்னு. பழத்த பயம்னு சொல்ற புள்ளைய உடனே ஓடிவரச் சொல்றீங்க, கூப்ட்டா திரும்பாத புள்ளைய அத்த பேச்ச கேட்டு வீட்ல வச்சிருக்காங்க. தலகீழா இருக்கு சார். அந்த தண்டையார்பேட்டை பையன் வந்து ஒரு ஸ்லாட்டுல உக்காந்தா எண்ணூர் கொழந்தையோட தேதி ஒரு வாரம் தள்ளிப் போகும், அவ்ளோ தான் எங்க கணக்கு.

அதனால வர்ற ஞாயித்துக்கிழமை அதே எடத்துல ஒரு திருத்தம் போடுங்க. அந்த அம்மாவுக்கு, உங்க வீட்ல பெரியவங்களும் பயம்னு தான் சொல்றாங்கன்னா புள்ள நல்லா இருக்கான், கவலப்படாதீங்கன்னு. இடம் மிச்சம் இருந்தா, ஒரு வயசாகியும் பேர் சொல்லிக் கூப்ட்டா திரும்பலன்னா, ஒன்றரை வயசாகியும் அம்மா தண்ணின்னு ஒரு வார்த்தையும் வரலன்னா, வந்துட்டிருந்த பேச்சு நின்னுபோச்சுன்னா அன்னிக்கே காது டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சேத்துக்குங்க. காலேஜ் பேரும் என் பேரும் போட வேணாம், இன்டர்ன்ஷிப் முடியல இன்னும்.

வியாசர்பாடி பையன் நேத்து வந்திருந்தான். பாய்ல மல்லாக்க படுக்க வச்சா நாக்கு தானா பின்னாடி சரியும், ஐஸ் குச்சியால நுனிய லேசா அழுத்திப் புடிச்சு கா சொல்லுன்னேன், வந்துருச்சு, நாலு தடவ வந்துச்சு, அவனே அசந்துட்டான். எழுந்து உக்காந்து ஜன்னல பாத்து தாத்தான்னான். வர்ற புதன்கிழமை திரும்ப வரச்சொல்லியிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு இன்டர்ன்,
புது வண்ணாரப்பேட்டை, சென்னை.