நான்கு கோடி இலக்கம் என்பதோடு நிறுத்திவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழில் மிகப்பெரிய பகா எண்ணைப் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். கணிதத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் 4,10,24,320 இலக்கங்கள் என்று நீளத்தைச் சொன்னதோடு நிறுத்திவிட்டீர்கள். நீளமான எண்ணை யார் வேண்டுமானாலும் எழுதலாம், அது பகா எண்தான் என்று எப்படித் தெரிந்தது என்பதல்லவா செய்தி?

2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்டுபிடித்த அந்த எண்ணை ஒரே வரியில் சொல்லிவிடலாம். 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த விடையில் 1-ஐக் கழித்தால் அதுதான். இப்படி 2-இன் அடுக்குக்கு ஒன்று குறைவாக வரும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பார்கள். நமக்குத் தெரிந்தவற்றில் இது 52-ஆவது. அடுக்கு பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண்தான், இருந்தும் 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வரும் 2047, 23 × 89 என்று பிரிந்துவிடுகிறது.

சரி, நான்கு கோடி இலக்க எண்ணை 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துப் பார்ப்பது எந்தக் கணினிக்கும் ஆகாத காரியம். இங்கேதான் பிரான்சின் லூக்காஸும் அவருக்குப் பின் அமெரிக்காவின் லெமரும் உருவாக்கிய சோதனை வருகிறது, எனக்குக் கணிதத்தில் மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று. 4-இல் தொடங்குங்கள், வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடியும் அதையே செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்தபின் மீதி 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 31 என்பது 2-இன் 5-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு, ஆகவே மூன்று தடவை: 4-இலிருந்து 14, அப்புறம் 194, அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8, அப்புறம் 62, மீதி 0. முடிந்தது! புதிய எண்ணுக்கும் இதே வேலைதான், 13,62,79,839 தடவை. 39 இலக்கமுள்ள ஒரு மெர்சென் பகா எண்ணை 1876-லேயே கணினி இல்லாமல் லூக்காஸ் நிறுவிவிட்டார்.

இரண்டு திருத்தங்களும் தேவை. 'உலகின் மிகப்பெரிய பகா எண்' என்று ஒன்று இருக்கவே முடியாது, பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் எப்போதோ நிறுவிவிட்டார், 'இதுவரை அறியப்பட்டவற்றில்' என்று போடுங்கள். வங்கிப் பரிவர்த்தனைப் பாதுகாப்புக்கு இந்த எண் உதவும் என்பதும் சரியல்ல. அங்கே பயன்படும் பகா எண்கள் சில நூறு இலக்கங்களே கொண்டவை, அவை ரகசியமாக இருக்க வேண்டும். ஊருக்கே தெரிந்த எண்ணால் பூட்டுப் போட முடியாது.

மாணவர் பக்கத்தில் 127-க்கு இதே சோதனையைப் பயிற்சியாகக் கொடுங்கள். அடுக்கு 7, ஐந்தே படிகள்தான், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டே போட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்