டயர் ஓரத்தைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பைக் ரேஸ் வீரர்கள் பத்தி ஞாயித்துக்கிழமை நீங்க போட்ட கட்டுரையை எங்க ஒர்க்‌ஷாப்ல பசங்க சத்தமா வாசிச்சாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கப்பு, பட்டம், ஷாம்பெயின்னு அதையே சுத்திச் சுத்தி எழுதி முடிச்சிட்டீங்க. இந்தத் தொழிலுக்குள்ள ஒருத்தன் எப்படிப் போறான், போனா உடம்பு என்ன பாடுபடுதுன்னு ஒரு வரி இல்ல. காரைக்குடியில டூவீலர் மெக்கானிக்கா இருக்கறவன் சொல்றேன், எங்க ஊருப் பசங்களுக்கு அதுதாங்க வேணும்.

எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு தன்னை ரேசர்னுதான் நெனச்சுக்கிட்டிருக்கான். சைலன்சரை மாத்துண்ணே, மட்கார்டை வெட்டுண்ணே, மிரரைக் கழட்டுண்ணே. வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு பின் டயரை ஒரு சுத்து சுத்தினா போதும், குட்டு வெளிய வந்துரும். நடுவுல பட்டன் எல்லாம் தேஞ்சு பட்டையா வழவழன்னு இருக்கும், ரெண்டு ஓரத்துலயும் கடையில வாங்கினப்ப இருந்த ரப்பர் முடி கூட அப்படியே நிக்கும். அதாவது கானாடுகாத்தான் ரோட்டுல நேரா முறுக்கினது மட்டும்தான் நடந்திருக்கு. ரேஸ்காரன் டயரு ஓரம் வரைக்கும் உரிஞ்சு கெடக்கும், ஏன்னா அங்க ஜெயிக்கறதும் தோக்கறதும் வளைவுலதான், எங்க பிரேக்கை விடணும் எப்படிச் சாய்க்கணும் எந்த எடத்துல ஆக்சிலேட்டரைத் தொறக்கணும்ங்கறதை வருசக்கணக்கா விழுந்து எந்திரிச்சுக் கத்துக்கறாங்க.

விழறதுன்னா சாதாரணமா இல்ல. மிக் டூஹன்னு ஆஸ்திரேலியா ரேஸ்காரர், 1992-ல நெதர்லாந்துல அசென் ட்ராக்ல விழுந்து வலது காலையே எடுக்கற நெலமைக்குப் போயிட்டாரு. அந்த வருசம் பாயின்ட்ல முன்னாடி இருந்தவரு, கடைசி ரெண்டு ரேசுக்குத் திரும்பி வந்து ஓட்டியும் வெறும் 4 பாயின்ட்ல உலகப் பட்டம் போச்சு. அதுக்கப்புறமும் வலது கால் பிரேக்கை சரியா மிதிக்க முடியல, அதனால பின் பிரேக்கை இடது கைக் கட்டைவிரலால அமுக்கற மாதிரி ஹேண்டில்பார்ல ஒரு லிவர் வச்சுக் குடுத்தாங்க. அந்த மெக்கானிக் கையைப் புடிச்சுக் கும்புடணும். 1994-லேர்ந்து 1998 வரைக்கும் அப்ப பெரிய பிரிவா இருந்த 500 சிசியில வரிசையா 5 பட்டம், 1999-ல ஸ்பெயின்ல ஜெரெஸ் ட்ராக்ல மறுபடி விழுந்தாரு, அதோட தொழில் முடிஞ்சுது. இப்ப ஓட்டற ஸ்பெயின்காரர் மார்க் மார்க்கெஸ் கதையும் இதேதான், 2020-ல கை ஒடஞ்சு 4 ஆபரேசன், அடுத்த பட்டம் 2025-லதான் வந்துச்சு.

நம்ம பக்கமும் ஆளு இல்லாம இல்ல. சென்னைக்காரர் சரத்குமார் (நடிகர் இல்லீங்க) 2011-லயே 125 சிசி உலகப் போட்டியில எறங்கினாரு, இந்தியாவுலேர்ந்து மொத ஆளு அவருதான். ஆனா கம்பெனி டீம்ல எடம் கெடச்சாத்தான் இங்க சம்பளம்னு ஒண்ணு, அதுவரைக்கும் பெரும்பாலும் கைக்காசுதான், டயரு, சூட்டு, போக்குவரத்து எல்லாம் சேத்தா வீட்டுல நகை தங்காது. போதாததுக்கு ஆபத்து வேற, 2023 ஆகஸ்டுல சென்னைக்குப் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல ரேஸ் ஓட்டுன 13 வயசுப் பையன் செத்துப் போனான். ஆம்புலன்சு, டாக்டரு எல்லாம் நிக்கற எடத்துலயே இப்படின்னா, ஹெல்மெட்டை டேங்க் மேல வச்சுக்கிட்டு ராத்திரி பைபாஸ்ல வீலிங் பண்றவனுக்கு என்ன சொல்றது.

அந்த இருங்காட்டுக்கோட்டை இங்கிருந்து 400 கிலோமீட்டர். அது வர்றதுக்கு முன்னாடி ரேஸ் நடந்தது சோழவரத்துல, அது என்ன, போர்க்காலத்து விமான ரன்வே. அதே மாதிரி பழைய ரன்வே ஒண்ணு எங்க செட்டிநாட்டுலயும் கெடக்கு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை அங்க கோன் வச்சு, தெரிஞ்ச ஆளைக் கூட்டியாந்து, பசங்களுக்கு பிரேக் புடிக்கவும் வளைக்கவும் சொல்லிக் குடுத்தா என்ன? சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு டாக்டரும் ஆம்புலன்சும் நிக்கலையா, மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு ரோட்டையே மறிச்சுக் குடுக்கறோம்ல. எடம் குடுக்க முடியுமா முடியாதான்னு உங்க நிருபரை விட்டு அதிகாரிங்ககிட்ட கேக்கச் சொல்லுங்க.

அப்படியே ரேஸ் லைசென்ஸ் எங்க எடுக்கறது, என்ன வயசு, மொத வருசம் எவ்வளவு செலவாகும்னு அரைப் பக்கம் போடுங்க. வெட்டி ஷாப் சுவத்துல ஒட்டிர்றேன், சைலன்சரை மாத்துண்ணேன்னு வர்றவன் மொதல்ல அதைப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு டூவீலர் மெக்கானிக், காரைக்குடி