ஐஸ் கம்பெனி அண்ணனுக்கும் மண்டபம் ஊர் உறவுகளுக்கும்

என் கம்பித்துரு ஆய்வின் கடைசி அளவீடு நேற்று இரவு முடிந்துவிட்டது. என்ன பாடுபட்டோம் என்பது கூடவே இருந்த உங்களுக்குத் தெரியும்; அதை மறுபடி கிளற மனமில்லை. நன்றியை மட்டும் சூட்டோடு சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி, ஐஸ் கம்பெனியில் மோட்டார் பார்க்கும் அண்ணனுக்கு.

கடலில் ஊறிய கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் துருவை, உடைக்காமலே அளக்கிறோம். 10 மில்லிவோல்ட் ஏ.சி. மின்னழுத்தம்தான் கொடுப்பது, அது கம்பியின் இயல்பைக் கலைக்காது. அதிர்வெண் உயரத்தில் இருக்கும்போது கான்கிரீட்டின் தடை தெரியும். குறைத்துக்கொண்டே வந்தால்தான் கம்பியின் மேற்பரப்பு பேசத் தொடங்கும். டி.சி.யில் அளந்தால் இரண்டும் கலந்துவிடும். 0.01 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கே 100 வினாடி ஆகிறது. இத்தனை சன்னமான அளவீட்டில் பக்கத்து மோட்டார்களின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் புகுந்து, வரைபடத்தில் அரைவட்டமாக வரவேண்டிய புள்ளிகளைத் திரையெங்கும் சிதறடித்தது. அதைத் தடுக்கச் சுற்றிலும் நாங்கள் கட்டிய இரும்பு வலைக்கூண்டும் உதவவில்லை.

ஷிப்ட் முடிந்து போகிற வழியில் எட்டிப் பார்த்தார் அண்ணன். "தங்கச்சி, வலைக்கூண்டு கட்டி என்ன பிரயோசனம்? எர்த் எங்க?"

நாங்கள் அளந்துகொண்டிருந்த கொட்டகையின் பழைய எர்த் காய்ந்த மணலில் நின்றது. யாரும் கேட்காமலே கிணற்றடி ஈரமண்ணைத் தோண்டினார். கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, நடுவே ஜி.ஐ. பைப்பை இறக்கி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். கூண்டில் ஒயர் சேரும் இடத்தில் பெயிண்டை பிளேடால் சுரண்டி, இரும்பு பளபளத்த பிறகுதான் போல்ட்டை முறுக்கினார். அப்புறம் எங்களோடு உட்கார்ந்து, புள்ளிகள் ஒவ்வொன்றாக வளைவில் வந்து அமர்வதைக் கண்கொட்டாமல் பார்த்தார். காசு நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார். டீ மட்டும் குடித்தார்.

கான்கிரீட் கட்டைகளைக் கரையேற்றிய படகுக்கார அண்ணன்மார், இன்வெர்ட்டர் தந்த எதிர்வீட்டார், கஞ்சி கொண்டுவந்த அக்கா, நள்ளிரவிலும் போனை எடுத்த காரைக்குடி ஆசிரியர்கள் எல்லோருக்கும் கும்பிடு.

1914-இல் திறந்த பாம்பன் பாலத்தை உப்புக்காற்று அரித்ததை ஊரே பேசும். நம் வீட்டுக் கூரைக் கம்பியும் அதே காற்றில்தான் இருக்கிறது. அண்ணன் வீட்டுச் சிலாப்பில் காரை உதிர்கிறதாம், பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஆய்வேட்டைக் கொடுத்த கையோடு கருவியைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் வருவேன், அண்ணா. எந்தக் கம்பி தாங்கும், எதை மாற்ற வேண்டும் என்று அளந்து எழுதித் தருகிறேன்.