அம்மாவும் மேசையும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் சிங்களத்திலும் அம்மா, அக்கா, மேசை, யன்னல் எல்லாம் இருப்பதைக் காட்டி, அதற்கும் தமிழே தாய் என்று எழுதியிருந்தார். போகிறபோக்கில் தெலுங்கையும் கன்னடத்தையும் தமிழ் பெற்ற பிள்ளைகளாக்கிவிட்டார். தமிழ்மேல் அவருக்குள்ள பாசம் எனக்கும் உண்டு. ஆனால் இந்தச் சாட்சிகளை வைத்து அவருடைய வழக்கு நிலைக்காது.

முதலில் மேசை. எங்கள் வீட்டுக் கதிரைகளைத் திருத்துபவர் மட்டக்களப்பு டவுனில் இருக்கும், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கித் தச்சர். தாய் தகப்பனோடு போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி பேசி வளர்ந்தவர். போன மாதம் கதிரைக் காலொன்றைச் சீவிக்கொண்டே சொன்னார்: "சேர், மேசை, கதிரை, யன்னல் எல்லாம் எங்கட சாமான். நீங்களும் சிங்கள ஆக்களும் எங்களிட்ட வாங்கினது." பகிடிதான், ஆனால் பிழையில்லை. போர்த்துக்கேயத்தில் அவை மேஸா, கதெய்ரா, ஜனேலா. இரண்டு வீட்டில் ஒரே தச்சரின் மேசை கிடந்தால் இரண்டு வீட்டாரும் ஒரே குடியாகிவிடுவார்களா? அம்மாவும் அப்படித்தான் உதவாது. உதடு ஒட்டிப் பிரியும் அந்த ஒலியில் தாயைக் கூப்பிடாத மொழிகள் குறைவு. அக்கா அயலுக்குள் கைமாறிய சொல். எண்ணிப் பார்த்தால் உறவு தெரியும்: சிங்களத்தின் எக, தெக, துன, ஹத்தர என்பவை இந்தியின் ஏக், தோ, தீன், சார் பக்கம் போய் நிற்கின்றன.

உறவைக் காட்டுவது ஒழுங்கு. நமது பால் கன்னடத்தில் ஹாலு. பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. நாம் சொல்லின் தொடக்கத்தில் பகரம் சொல்லுமிடத்தில் அவர்கள் ஹகரம் சொல்கிறார்கள். பழங்கன்னடத்தில் அங்கேயும் பகரம்தான் இருந்தது. இத்தனை சொல்லிலும் ஒரே மாதிரி நடந்ததைத் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது. தென்மொழிகள் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல, தமக்குள் ஒரு குடும்பம் என்று 1816இல் சென்னையில் இருந்த ஆங்கில அதிகாரி எல்லிசும் 1856இல் பாதிரியார் கால்டுவெல்லும் காட்டியது இப்படி ஒப்பிட்டுத்தான்.

பகரத்தில் நாம் பழையவர்கள். அதற்காக எல்லாவற்றிலும் நாமே மூத்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நாம் செவி என்கிறோம். கன்னடத்தில் கிவி, துளுவில் கெபி. எங்கோ பலூசிஸ்தானில் பேசும், இதே குடும்பத்து மொழியான பிராகூயியில்கூட அந்தச் சொல்லின் முதல் ஒலி ககரச் சாயல்தான். ஆக, ககரமே பழையது. அதைச் சகரமாக மாற்றியவர்களில் நாமும் அடக்கம். தமிழ் தாயென்றால், தாய் தொலைத்த ஒலி பிள்ளைகளின் வாயில் எப்படி இருக்கிறது? இவர்களுக்கெல்லாம் தாயான மொழி வேறு. அது எழுத்தில் கிடைக்காததால் அறிஞர்கள் அதன் சொற்களைக் கணித்து, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு எழுதுகிறார்கள்.

மறுகா, நம்மூர்க் கதைக்கு வருகிறேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைக்குப் படுவான்கரை என்று பெயர். அந்தப் பெயரில் இருப்பது சூரியன் படுகிற, அதாவது மறைகிற, பக்கம். மலையாளத்தில் மேற்குக்குப் பெயர் படிஞ்ஞாறு. படுஞாயிறு என்பதன் திரிபு. எனக்கு இது தெரிந்த அன்று வாவிக்கரையில் நின்று அக்கரையைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு, தாய்வழியாகக் குடி பார்க்கும் நம்மூர் வழக்கத்தையும் சேர்த்து, நாங்கள் எல்லாரும் கேரளத்தில் இருந்து வந்தவர்கள் என்று தீர்ப்பு எழுதுபவர்களும் இருக்கிறார்கள். பழைய தமிழிலேயே ஞாயிறு பட்டதுதான். பாட்டன் சொத்தை இரண்டு பேர் விற்காமல் வைத்திருப்பதால் அவர்கள் கூடப்பிறந்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள். மற்றவர்கள் மாற்றாத ஒன்றை இரண்டு பேச்சும் சேர்ந்து புதிதாக மாற்றியிருந்தால் மட்டுமே மொழியியலில் அது நெருங்கிய உறவுக்குச் சாட்சி. மட்டக்களப்புக்கும் மலையாளத்துக்கும் மட்டும் பொதுவான அப்படியொரு மாற்றத்தை யாராவது காட்டினால் என் வாதத்தை விட்டுவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.

பி.கு.: என் முந்திய கடிதத்தில் இருந்த 'மறுகா'வை 'பின்னர்' என்று திருத்தியிருந்தீர்கள். இம்முறை தயவுசெய்து விட்டுவிடுங்கள்.